விடியற்காலையில் மகன் கண்ட உருவம்: மருத்துவரிடம் போவதா, கோடாங்கியிடம் போவதா?

கேள்வி: பாளையங்கோட்டை அம்மா

வணக்கம். என் மகனுக்கு 16 வயது; பதினோராம் வகுப்பு படிக்கிறான். கடந்த ஒன்றரை மாதத்தில் மூன்று முறை, விடியற்காலையில், தன் அறைக்குள் ஓர் உருவம் வந்து நின்றதாகச் சொல்கிறான். கதை கட்டிப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கேட்டாலொழிய வாய் திறக்காதவன் அவன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மல்லாந்து படுத்திருக்கிறான். கண் விழித்திருக்கிறது, மின்விசிறி சுற்றுவதும், ஜன்னல் கம்பிக்கு வெளியே தெருவிளக்கு எரிவதும், மேசைமேல் விரித்தபடி கிடக்கும் வேதியியல் புத்தகமும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கையையோ காலையோ அசைக்க முடியவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் ஆள் நிற்கிறது, முகம் தெரியவில்லை. அது மெல்லக் கட்டிலருகே வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்ததுபோல் ஒரு பாரம். "அம்மா" என்று கூப்பிட எவ்வளவு முயன்றும் குரல் எழும்பவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் சட்டென்று விலகிவிடுகிறது. சட்டை வேர்வையில் நனைந்து, நெஞ்சு படபடக்க என் அறைக்கு ஓடி வருகிறான். மூன்றாவது முறை, மீசை அரும்பிய அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நன்றாக விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

இந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. பின்வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தூக்கிட்டு இறந்துபோனாள் என்றும், அவள்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறாள் என்றும் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். என் நாத்தனார், ஊரில் உள்ள கோடாங்கியிடம் அழைத்துப்போய் உடுக்கடித்துப் பார்த்துவிடலாம் என்கிறார். என் கணவரோ, படிப்புக்குப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்று கோபப்படுகிறார். இந்த மூன்றில் எதுவும் என் மனத்துக்குச் சரியாகப் படவில்லை. இது உண்மையிலேயே பேயா, நோயா, மனக்கோளாறா? பிள்ளையை யாரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில் பக்கம்

அம்மா, உங்கள் மகன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அவனுடைய வயதில் நானும் அதே பாரத்தைச் சுமந்தவன். 1971-ல் நான் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு, அதாவது அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி., படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது பேர் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். தேர்வு நெருங்கியதும் வைகறையில் எழுந்து அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்துவிட்டு, மணி அடிக்கும் முன் மறுபடியும் கொஞ்சம் கண்ணயர்வோம். அந்த இரண்டாம் தூக்கத்தில்தான் எனக்கு அது வந்தது. கிணற்றடியிலிருந்து யாரோ ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து வருகிற சத்தம் முதலில் கேட்கும். பிறகு நெஞ்சில் பாரம் ஏறும். இருபுறமும் ஆள் படுத்திருந்தும் ஒருவரைக்கூடத் தொட்டு எழுப்ப முடியாத அந்தத் தவிப்பு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எனக்கு மறக்கவில்லை.

விடுதியில் சமையல் செய்த பெரியவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். "அது அமுக்குவான், மல்லாந்து படுத்தால்தான் வரும், ஒருக்களித்துப் படு" என்று சொல்லிவிட்டு, தேங்காய் வெட்டுகிற பழைய அரிவாள் ஒன்றைத் துணியில் சுற்றிப் பாய்க்கு அடியில் வைத்தார். இரும்பு இருந்தால் அது அண்டாது என்பது அவர் நம்பிக்கை. அரிவாள் காத்ததோ, ஒருக்களித்துப் படுத்தது காத்ததோ, ஒருவர் என்னை நம்பினார் என்பதே காத்ததோ, அதன்பின் அது மிகவும் குறைந்துவிட்டது.

உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். மூன்று முறையும் எத்தனை மணிக்கு வந்தது? அன்றைக்கு அவன் முன்னதாக எழுந்து படித்துவிட்டு மீண்டும் படுத்தானா? இதை நிதானமாக விசாரித்துச் சொல்லுங்கள்.


பாளையங்கோட்டை அம்மா

ஐயா, நீங்கள் கேட்டபிறகுதான் எனக்கு இது உறைத்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் படுக்கிறான். நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஐந்து மணிவரை படிக்கிறான். பிறகு "அரைமணி நேரம்" என்று சொல்லி மறுபடியும் படுத்துக்கொள்கிறான். மூன்று முறையும் ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது. அலாரம் வைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறைகூட வந்ததில்லை. தூக்கிட்டு இறந்த பெண்ணைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, முதல் முறை நடந்த பிறகுதான் என்பதையும் இப்போது நினைவுபடுத்திக்கொண்டேன்.


பதில் 2: அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்

அம்மா, நீங்கள் கொடுத்த இந்த நேரக் கணக்கு மிகவும் முக்கியமானது. உங்கள் மகனுக்கு நிகழ்வது பெரும்பாலும் ஸ்லீப் பாராலிசிஸ் எனப்படும் உறக்க முடக்கமாகவே இருக்க வேண்டும். பாராலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். பக்கவாதத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக அது நகர்கிறது; ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கனவுத் தூக்கம் வருகிறது, விடியலை நெருங்க நெருங்க அதன் நேரம் கூடுகிறது. கனவில் நாம் ஓடினால் உண்மையிலேயே எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அந்த நேரத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. கண்ணசைவும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் அந்தக் கட்டுக்கு வெளியே இருக்கின்றன. சில வேளைகளில் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது கண் அறையைப் பார்க்கிறது, உடல் இன்னும் கனவுக்குள் கிடக்கிறது, கனவின் காட்சிகள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நிற்கின்றன. விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் முடிவதில்லை. அதைத்தான் நெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற பாரமாக மனம் உணர்கிறது. ஆபத்தை உணர்த்தும் மூளைப்பகுதி அந்த நேரத்தில் மிகுந்த விழிப்போடு இருப்பதால், அறையில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு அவ்வளவு திட்டமாக எழுகிறது. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் இது தானாகவே விலகிவிடும், மூச்சு நின்றுவிடாது.

நான்கு மணிக்கு எழுந்து மறுபடியும் படுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களை இரவின் நடுவில் எழுப்பி, சிறிது நேரம் விழிக்க வைத்து, மறுபடியும் தூங்கவிட்டபோது சிலருக்கு இதே முடக்கம் வந்தது. தூக்கம் நடுவில் முறிந்தால், அடுத்துக் கண்மூடிய உடனேயே கனவுத் தூக்கம் முந்திக்கொண்டு வந்துவிடக்கூடும் என்பதே காரணம். உங்கள் மகன் அறியாமலே அந்தச் சோதனையைத் தன்மேல் நடத்திக்கொண்டிருக்கிறான்.

அவன் தனியாகவும் இல்லை. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு மீளாய்வின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரும், மாணவர்களில் நூற்றுக்கு 28 பேரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்திருக்கிறார்கள். பதின்பருவத்தில்தான் பலருக்கு இது தொடங்குகிறது. அந்த வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளிப்போகிறது; இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். 13 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. உங்கள் மகன் அதில் பாதியைத்தான் தூங்குகிறான்.

ஆகவே முதல் வேலையாக அந்த அலாரத்தை நிறுத்துங்கள். பத்தரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழட்டும், பிறகு நேரத்தை இன்னும் கூட்டலாம். படுக்கைக்குக் கைப்பேசி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். சமையல்காரப் பெரியவர் சொன்னது முற்றிலும் சரியான அறிவுரை, மல்லாந்து படுப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. மறுபடியும் வந்தால் கத்தவோ எழவோ போராட வேண்டாம், கால் பெருவிரலை மட்டும் அசைக்க முயலட்டும், மூச்சைச் சிறிதாக விட்டு விட்டு இழுக்கட்டும்.

பகலிலும் அடக்க முடியாமல் தூங்கி விழுவது, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்குவது, தூக்கத்தில் கைகால் வெட்டி இழுத்து நாக்கைக் கடித்துக்கொள்வது, முழு விழிப்பில் குரல் கேட்பது, ஒதுங்கிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் நேரில் காட்ட வேண்டும். நேரில் வருவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.


பதில் 3: கோவில்பட்டிக்காரன்

அக்கா, கோடாங்கி என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து பிள்ளையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

என் மூத்த அக்காவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது இதேபோல் இரவில் அலறி எழுவாள். வீட்டில் பேயோட்டும் ஒருவரிடம் அழைத்துப்போனார்கள். நான் சிறுவன், அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நீ யார், எந்த ஊர்க்காரி, பெயரைச் சொல்" என்று கேட்டுக் கேட்டு வேப்பங்குழையால் அடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பெயர் சொல்ல ஒன்றுமில்லாமல் அழுதாள். கடைசியில், எங்கள் தெருவில் பிரசவத்தில் இறந்துபோன ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். உடனே அடி நின்றது. அவளது உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து, ஊருக்கு வெளியே புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு, பேய் இறங்கிவிட்டது என்றார்கள். பெயரைச் சொன்னால் அடி நிற்கும் என்று தெரிந்துதான் சொன்னேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். அந்த மரம் இன்னும் இருக்கிறது. பட்டை வளர்ந்து ஆணியைப் பாதி விழுங்கிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் போவதில்லை.

அதற்குப் பிறகும் அவள் அலறி எழுந்தாள். ஆனால் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் ஊர் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓட வழியில்லாமல் எரிந்து இறந்தார்கள். அதன்பின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சுடலைக்குக் கொடை நடந்தால் இன்றைக்கும் லீவு போட்டுவிட்டுப் போகிறவன் நான். திருநீறு பூசுங்கள், கோயிலுக்கு அழைத்துப்போங்கள். அடிக்கிற இடத்துக்கு மட்டும் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.


பதில் 4: நாட்டார் வழக்காற்றியல் மாணவி

ஓர் ஆறுதலுக்காக இதை எழுதுகிறேன். நெஞ்சில் ஏறி உட்காரும் இந்த உருவத்தை உலகம் முழுவதும் மக்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரும் தன் மொழியில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஜப்பானியர் இதைக் கனஷிபரி, அதாவது உலோகத்தால் கட்டுண்டது போன்ற நிலை என்கிறார்கள். துருக்கியில் கராபாசான், "கறுப்பாக வந்து அழுத்துவது". கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அது ஒரு கிழவி. ஹென்றி ஃப்யூசிலி என்ற ஓவியர் 1781-ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், மல்லாந்து கிடக்கும் பெண்ணின்மேல் ஒரு குட்டிப் பூதம் குந்தியிருக்கிறது. நம்முடைய அமுக்குவானும் இவர்களுள் ஒருவனே.

பேய் என்ற சொல்லும் நம்மிடம் எப்போதும் பகைச்சொல்லாக இருந்ததில்லை. காரைக்கால் அம்மையார் தம்மையே காரைக்காற் பேய் என்று பாடிக்கொண்டவர். தென்மாவட்டங்களில் அகால மரணமடைந்த எத்தனையோ பெண்களும் ஆண்களும் பீடம் எழுப்பப்பட்டுக் குலதெய்வமாகியிருக்கிறார்கள். இறந்தவர்களை விரட்டியடிப்பது மட்டும் நம் வழக்கமில்லை. உட்காரவைத்துச் சோறு படைப்பதும் நம் வழக்கந்தான்.

உங்கள் மகனிடம் ஒரு விஷயத்தைத் தனியாக, அவசரப்படுத்தாமல் கேட்டுப் பாருங்கள். அந்த உருவம் யாராக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றுகிறது? ஊரார் சொல்வதைக் கேட்காமல், அவனுக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும்.


பாளையங்கோட்டை அம்மா (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மருத்துவர் எழுதியதை என் கணவரிடம் படித்துக்காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோய் அவன் அலாரத்தைத் தாமே நிறுத்தினார். இப்போது பத்தரைக்குப் படுக்கிறான். மூன்று வாரத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தது. அன்றைக்கு நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நள்ளிரவு தாண்டி வீடு திரும்பியிருந்தோம்.

கடைசிப் பதிலில் அந்தப் பெண் கேட்கச் சொன்னதை, சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், "ஆச்சிதாம்மா" என்றான். என் மாமியார் மாசி மாதத்தில் காலமானார். அப்போது இவனுக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்ததால், பிள்ளையின் மனம் கலைந்துவிடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஊருக்கு அழைத்துப்போனோம். மூன்று வயதுவரை ஆச்சியின் மடியிலேயே வளர்ந்தவன் அவன். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நாங்களும் பெரியவனாகிவிட்டான் என்று நினைத்தோம். மூன்றாவது முறை அந்த உருவம் வந்தபோது வெற்றிலையும் புகையிலையும் கலந்த வாசம் வந்ததாகவும், அதனால்தான் அன்று அவ்வளவு அழுததாகவும் இப்போது சொல்கிறான். "ஆச்சி பக்கத்தில் வந்து நின்றும் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லையே" என்பதுதான் அவன் துக்கம்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தோம். அவன் நேராகப் போய் ஆச்சியின் செல்லப்பெட்டியை எடுத்தான். உள்ளே பாக்குவெட்டியும், காய்ந்துபோன சுண்ணாம்பு டப்பாவும், அவன் ஐந்தாம் வகுப்பில் எழுதிக்கொடுத்த பொங்கல் வாழ்த்தும் இருந்தன. திண்ணையில் உட்கார்ந்து என் கணவர் அழுதார். அவர் அழுவதைப் பார்த்த பிறகுதான் இவனும் அழுதான்.

அவன் உங்களுக்கு நேரடியாக எழுத வேண்டும் என்கிறான். கீழே இருப்பது அவன் தட்டச்சு செய்தது.

"எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அன்று மறுபடியும் உடல் அசையவில்லை. மருத்துவர் சொன்னபடி கால் பெருவிரலை மட்டும் நினைத்துக்கொண்டேன். அது அசைந்ததும் எல்லாம் விட்டுவிட்டது. ஆனால் அது விடுவதற்கு முன்னால், இது கனவுத் தூக்கம்தான் என்று தெரிந்தே, கொஞ்ச நேரம் பீரோ பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இல்லை. ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு வந்தது தெரிந்த முகமா, தெரியாத முகமா?"


ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில் பக்கம்

தம்பி, அந்தச் சமையல்காரப் பெரியவர்கூட இதை என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்த முகந்தான். எனக்கு இளையவன் ஒருவன் இருந்தான். நான் விடுதிக்குப் போவதற்கு முந்தைய கோடையில், எங்கள் தோட்டத்துக் கமலைக் கிணற்றில் நீச்சல் பழகப் போய், திரும்பி வரவில்லை. ஈரக்கால் சத்தம் என்று நான் எழுதினேன் அல்லவா, அது அவனுடைய கால் சத்தம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.